ஆறாம் வகுப்பில் நிரப்பிய விண்ணப்பம்

2024 ஜூன் 4 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரில் மாலை முழுக்க வெடிச்சத்தம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை ஒருபக்கம், விளவங்கோடு இடைத்தேர்தல் முடிவு மறுபக்கம். அதே மாலையில்தான் நீட் முடிவும் வந்தது. கருங்கலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் லட்டுப் பெட்டியோடு எங்கள் வாசகசாலைக்கு வந்து நின்றார்கள். மாணவியின் அத்தை மகன் 2023-இல் எழுதி, அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தான். இவள் அவனைவிட 47 மதிப்பெண் அதிகம். இனி எந்தக் கல்லூரி என்பது மட்டும்தான் கேள்வி என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். கோடைக்காலத்தில் மாலை நேரங்களில் மருத்துவச் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை; ஆகவே திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. அந்தக் குடும்பத்தோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்த கதையை அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

லட்டைத் தின்றுவிட்டுத்தான் கெட்ட செய்தியைச் சொன்னேன். நீட் மதிப்பெண்ணை ஓராண்டோடு இன்னோராண்டுக்கு ஒப்பிடக் கூடாது. 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்களே முதலில் 67 பேர். திருத்திய முடிவில் 17 பேர். மதிப்பெண்கள் பொதுவாகவே வீங்கியிருந்த ஆண்டு அது. அகில இந்தியத் தரவரிசையைப் பார்த்தால் இவள் அத்தை மகனுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் இடம் பின்னால் நின்றாள். தாய்க்கு இது புரியவில்லை. மகளுக்கு உடனே புரிந்தது. லட்டுப் பெட்டியை மெல்ல மூடினாள்.

ஜூலையில் இன்னோர் அடி. அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றிருந்தார்கள். என்.சி.இ.ஆர்.டி. பழைய பதிப்பின்படி ஒன்று, புதிய பதிப்பின்படி ஒன்று. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஒரே விடைதான் சரி என்று சொல்ல, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. சரியான விடைக்கான 4 போய், தவறான விடைக்கு 1 கழிந்து, ஆளுக்கு ஐந்து. இவள் படித்தது அத்தை மகனின் பழைய புத்தகம். 47 என்பது 42 ஆயிற்று. அந்தக் கேள்வியில் எந்த விடை சரி என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயமில்லை. ஆனால் பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்த பிள்ளையிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

நீலக் கோப்பு

முதல் நாளே நான் கேட்டது மதிப்பெண் பட்டியலை அல்ல, சான்றிதழ்க் கோப்பை. எந்த வாசலில் விண்ணப்பிப்பது என்பதை மதிப்பெண்ணுக்கு முன்பே காகிதங்கள் முடிவு செய்துவிடுகின்றன. மாவட்டத்தில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரே நீட் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு கன்னியாகுமரிப் பிள்ளை தட்டக்கூடிய கதவுகள் பல. அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன; அதை டெல்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதே வாசல்தான். மீதி 85 விழுக்காட்டை தமிழ்நாட்டுத் தேர்வுக் குழு நிரப்புகிறது. இங்கே அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்னொரு விண்ணப்பம். சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதிக்கு நீட் மதிப்பெண் வேண்டும், ஆனால் விண்ணப்பம் தனி. அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை நடத்துகிறது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்களில் நீட்டே தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். பல்கலைக்கழகம் தானே விண்ணப்பம் வாங்குகிறது. இவை போதாதென்று எங்களுக்கு மட்டும் எல்லைக்கு அப்பால் ஒரு கதவு: கேரளம்.

தாய் கொண்டுவந்த நீலக் கோப்பில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் இருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான படிப்புச் சான்று எங்கே என்று கேட்டேன்.

“அது எதற்கு சார்? ஏழரை விழுக்காட்டில் இவள் வந்துவிடுவாள். அரசுப் பள்ளியில்தானே படித்தாள்?”

பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசு மேல்நிலைப் பள்ளியில்தான். அதற்கு முன்? வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பள்ளி. ஆறு முதல் பத்து வரை அங்கே. பள்ளியின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளி.

2020-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தது. அரசு ஏழரையில் நிறுத்தியது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை தெளிவானது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி போன்றவை சேரும். உதவி பெறும் பள்ளி சேராது.

தாயால் இதை ஏற்க முடியவில்லை. கட்டணம் வாங்காத பள்ளி. மதிய உணவு, இலவசப் பாடப்புத்தகம், மிதிவண்டி எல்லாம் உண்டு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. இது அரசுப் பள்ளி இல்லையென்றால் வேறெது? மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு கிறிஸ்தவ சபைகளும் சமுதாய அமைப்புகளும் கட்டிய பள்ளிகளில்தான் வளர்ந்தது. பிற மாவட்டங்களில் அரசுப் பள்ளி இருக்கும் இடத்தில் எங்களுக்கு உதவி பெறும் பள்ளி இருக்கிறது. ஏழைக் குழந்தைகள் அங்கேதான் படிக்கிறார்கள். இன்னொன்றையும் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை இலவசமாகப் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. உதவி பெறும் பள்ளியில் சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு இல்லை. சட்டம் தேவையானது, அதை ஆதரிக்கிறேன்; கோடு போட்ட இடத்தில்தான் எனக்குச் சண்டை.

“பிளஸ் டூ அரசுப் பள்ளி என்று மட்டும் காட்டினால் என்ன?” என்று தாய்மாமன் கேட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் கையெழுத்திட்ட சான்று வேண்டும். கல்வித்துறைப் பதிவேட்டில் பிள்ளையின் எண்ணைப் போட்டால் படித்த பள்ளிகள் வரிசையாக வந்து நிற்கும். பொய் சொன்னால் இந்த ஒதுக்கீடு மட்டுமல்ல, விண்ணப்பமே போகும். மாணவி முதல் தடவையாக வாய் திறந்தாள்: “வேண்டாம் மாமா.”

தாய் வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “பள்ளி பக்கத்தில் இருந்தது சார். அதனால்தான் சேர்த்தோம்.”

எல்லைக்கு அப்பால்

தாய்மாமனுக்கு அடுத்த யோசனை தயாராக இருந்தது. அவர் நெய்யாற்றின்கரையில் கடை வைத்திருப்பவர். தாய் பிறந்தது பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு விழுந்தது நிலத்தில்தான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றுவரை அதைத் தாண்டித்தான் நடக்கிறது. கேரள விதிப்படி, தாய் அல்லது தந்தை கேரளத்தில் பிறந்திருந்தால் பிள்ளை கேரளத்தவர் என்று உரிமை கோரலாம். ஆக, மாமன் சொன்னதில் உண்மை இருந்தது.

ஆனால் நேரம் போய்விட்டது. கேரளத்தில் மருத்துவத்துக்கும் கீம் எனப்படும் அந்த மாநில நுழைவுத்தேர்வின் விண்ணப்பம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதன் விண்ணப்பக் காலம் வழக்கமாக நீட் தேர்வு நடப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2024-இல் ஏப்ரலிலேயே முடிந்தது. நீட் நடந்தது மே 5. முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டியிருக்கும்.

பூட்டியிருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஆண்டில் இரண்டு மாநிலங்களில் பிறப்பிடம் கோருபவரைத் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழு ஏற்பதில்லை. 2017-இல் இருமாநிலப் பட்டியல்களிலும் பெயர் வந்தவர்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கேரளத்தில் சாதிப் பட்டியல் வேறு, விழுக்காடு வேறு. இங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அங்கே பொதுப் பட்டியலில் நிற்பது கணக்குக்கு ஒத்துவராது.

இதற்கு நேர் எதிரான ஒரு பையனையும் அதே வாரத்தில் பார்த்தேன். வீடு களியக்காவிளை, குடும்ப அட்டை தமிழ்நாடு, படிப்பு எட்டு முதல் பன்னிரண்டு வரை எல்லைக்கு அப்பால் சி.பி.எஸ்.இ. பள்ளியில். ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்கள் பிறப்பிடச் சான்று தனியாகக் காட்ட வேண்டியதில்லை. இவன் காட்ட வேண்டும். பெற்றோரின் ஆவணங்களும் வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு ஜூன் முதல் வாரத்திலேயே துரத்திவிட்டேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் சான்று கைக்கு வந்தது.

டெல்லி வாசல்

எங்கள் மாணவிக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் ஒரு பழைய தவறு காத்திருந்தது. நீட் விண்ணப்பத்தை பிப்ரவரியில் ஒரு கணினி மையத்தில் நிரப்பியிருந்தார்கள். அங்கே இருந்தவர் ‘ஓ.பி.சி.’ என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, சான்றிதழில் ‘பி.சி.’ என்றுதானே இருக்கிறது என்று பொதுப்பிரிவில் குறித்துவிட்டார். மாநிலத்தின் பி.சி. சான்றிதழும் மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழும் வேறு வேறு. மாநிலத்தில், வசதி படைத்தவர்களை விலக்கும் கிரீமி லேயர் என்ற வரம்பு கிடையாது. மத்தியில் உண்டு, ஆகவே அதற்குரிய படிவத்தில் தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டின் மாநில இடங்களில் 2021 முதல் ஓ.பி.சி.க்கு 27 விழுக்காடு கிடைக்கிறது. பொதுப்பிரிவில் குறித்தவருக்கு அந்த 27 இல்லை.

இதைக் கேட்டதும் தாய் அழுதார். இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும்: அந்தத் தவறு இவளை வீழ்த்தவில்லை. இவள் தரவரிசைக்கு ஓ.பி.சி.யிலும் அந்த ஆண்டு அகில இந்திய இடம் எட்டாத தூரத்தில் இருந்தது. நட்டம் பணத்தில் மட்டும்தான். ஓ.பி.சி.யாக இருந்தால் பதிவுக் கட்டணம் 500, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 5,000. பொதுப்பிரிவுக்கு 1,000, 10,000. கட்ட வேண்டாம் என்றேன். மாமன் கேட்கவில்லை, கட்டினார். கட்டும்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குப் பதிவுக் கட்டணமே 5,000, வைப்புத்தொகை 2,00,000. முதல் சுற்றில் கிடைத்ததை விட்டுவிட்டால் வைப்புத்தொகை போகாது. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராமல் விட்டால் போய்விடும். ஆசைக்குத் தட்டிப் பார்க்கும் வாசல் இல்லை அது.

நல்ல தரவரிசை உள்ள பிள்ளைகளுக்கு டெல்லி வாசலைக் கட்டாயம் சொல்கிறேன். மதுரை எய்ம்ஸ் மாணவர்கள் 2024-இல் ராமநாதபுரத்தில் உட்கார்ந்துதான் படித்தார்கள்; ஆனாலும் அந்த இடமும் அந்த வழியில்தான் கிடைக்கிறது. ஆனால் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில், பி.சி. பிள்ளைக்கு நடுத்தரத் தரவரிசையில் பலன் தருவது சென்னை வாசல்தான்.

ஒரே படிவத்துக்குள் மூன்று கதவு

இந்தக் கதையில் உண்மையாகவே நூலிழையில் தப்பியது கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நாளில். வீட்டில் எழுதி வந்த தாளில் அரசுக் கல்லூரிகள் மட்டும் இருந்தன. முதலில் ஆசாரிப்பள்ளம், பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி என்று 36 கல்லூரிகள், அழகான கையெழுத்தில். தனியார் கல்லூரி ஒன்றுகூட இல்லை.

“அது நிர்வாக ஒதுக்கீடு அல்லவா சார்? அதற்கு நாம் விண்ணப்பிக்கவே இல்லையே?” என்றாள் மாணவி.

ஊரில் பத்துக்கு எட்டு பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். தனியார் கல்லூரியின் எல்லா இடங்களும் நிர்வாகத்துக்குச் சொந்தமில்லை. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்கின்றன. அந்த இடங்கள் அரசு ஒதுக்கீட்டு விண்ணப்பத்துக்குள்ளேயே வருகின்றன. அரசுக் கல்லூரி, சென்னை இ.எஸ்.ஐ. கல்லூரி, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு மூன்றும் ஒரே படிவம், ஒரே தரவரிசை. குலசேகரத்திலிருக்கும் தனியார் கல்லூரியின் ஓர் இடத்துக்கும் ஆசாரிப்பள்ளத்து அரசுக் கல்லூரியின் ஓர் இடத்துக்கும் இவள் ஒரே திரையில் விருப்பம் தெரிவிக்கலாம். பட்டியலில் எழுதாத கல்லூரி எவ்வளவு காலியாக இருந்தாலும் கிடைக்காது.

வேறுபாடு கட்டணத்தில். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் முடியும். சுயநிதியில் அரசு ஒதுக்கீட்டுக்கு அந்த ஆண்டு சுமார் நாலரை லட்சம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு சுமார் 13.5 லட்சம், வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவுக்கு அதற்கும் மேல். மாணவியின் தந்தை மஸ்கட்டில் மின்பராமரிப்பு வேலையில் இருக்கிறார். ‘கல்ஃப்காரர் பிள்ளைக்கு என்.ஆர்.ஐ. கோட்டா சலுகை உண்டு’ என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சலுகை இல்லை, அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய வரிசை என்று விளக்கியபோது தாய் சிரித்துவிட்டார். அந்தக் கோடையில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாலரை லட்சம் கட்ட முடியுமா? அன்றிரவு மஸ்கட்டுக்குத் தொலைபேசி. வங்கிக் கல்விக்கடன், ஐந்து பவுன், பன்னிரண்டு சென்ட் ரப்பர் நிலம். முடியாவிட்டால் ஒரு வழி இருக்கட்டும் என்று, பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்திய மருத்துவத்துக்கும் தனி விண்ணப்பம் போட வைத்தேன். தமிழ்நாட்டின் ஒரே அரசு ஆயுர்வேதக் கல்லூரி கோட்டாறில்தான் இருக்கிறது. அவள் முகம் சுருங்கியது. “மக்களே, விண்ணப்பம் போடுவதும் சேருவதும் ஒன்றல்ல” என்றேன். ஓர் ஆயுர்வேத வைத்தியரின் பேரனாகிய எனக்கு அந்த முகச்சுளிப்பு பிடிக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

கடைசியில் அரசுக் கல்லூரிகள் முதலில், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அடுத்து, பல் மருத்துவம் கடைசியில் என்று பட்டியலைப் பதிந்தோம். முதல் சுற்றில் மாவட்டத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில், எம்.பி.பி.எஸ். இடம் வந்தது. இரண்டாம் சுற்றில் அரசுக் கல்லூரிக்கு உயரக் காத்திருந்தாள். சில இடங்கள் வித்தியாசத்தில் தவறியது. டெல்லியிலிருந்து எதுவும் வரவில்லை. பத்தாயிரம் மட்டும் திரும்பி வந்தது. ஏழரை விழுக்காட்டுப் பட்டியல் வெளிவந்த நாளில் அவள் அதை வாசகசாலைக் கணினியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் அரசுக் கல்லூரிக்குப் போனவர்களை விரலால் எண்ணினாள். நான் தடுக்கவில்லை. அவர்களில் எவரும் அவளுடையதைப் பறிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

நிலத்தில் பாதி விற்றுப்போனது. மீதிக்கு வங்கிக் கடன். செப்டம்பரில் விடுதிக்குப் போனாள்.

அடுத்த ஆண்டு மே மாதம் தாய் மறுபடி வாசகசாலைக்கு வந்தார். அதே நீலக் கோப்பு. உள்ளே ஒரே ஒரு காகிதம்: இளைய மகனின் ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ். வீட்டுக்குப் பக்கத்தில் அதே உதவி பெறும் பள்ளி. நல்ல பள்ளி, நல்ல ஆசிரியர்கள். அரசுப் பள்ளி நான்கு கிலோமீட்டர், காலையில் ஒரே பஸ், அதுவும் நின்றுபோனால் நடைதான்.

“எங்கே சேர்ப்பது சார்?”

நான் பையனைக் கூப்பிட்டு, பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டேன்.

“பஸ் ஓட்டுவேன்.”

“தமிழ்நாட்டு பஸ்ஸா, கேரள பஸ்ஸா?”

கொஞ்சம் யோசித்தான். “களியக்காவிளையில் நின்று பார்க்க வேண்டும் சார்” என்றான்.